இருவருக்கும் ஒரே கண்ணீர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

திரௌபதி அம்மன் கோயிலில் முதன்முதலாகப் பாரதப் பிரசங்கம் செய்யப்போகிறாய் என்று அறிந்து பூரித்துப்போனேன். கர்ணனைச் சொல்லும் நாளில் கும்பகர்ணனையும் இழுத்துவந்து, இருவரும் செஞ்சோற்றுக்கடன் தீர்த்தவர்கள் என்று முடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி.

கடன் ஒன்றுதான், தீர்த்த விதம் வேறு. கம்பனின் கும்பகர்ணன் உறக்கம் கலைந்து வந்ததும், சீதையை இன்னுமா விடவில்லை என்று அண்ணன் முகத்துக்கு நேரே கேட்கிறான். விட்டுவிடு, வீடணனோடு சமாதானமாகு என்கிறான். இராவணன் சீறிய பிறகே போருக்குக் கிளம்புகிறான். களத்தில் வீடணன் வந்து அழைத்தும் போகவில்லை. அவனை இராமனிடமே திருப்பி அனுப்புகிறான். சாகும்போதும் தம்பியைக் காக்கும்படி இராமனிடமே வேண்டுகிறான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் செத்தவன் அவன்.

கர்ணன் அப்படியா? தேரோட்டி மகன் என்று ஊரே இகழ்ந்த அரங்கில் அங்க நாட்டைக் கொடுத்து மானம் காத்தவன் துரியோதனன். அந்த நன்றி கர்ணனின் வாயைக் கட்டிவிட்டது. கட்டியதோடு போகவில்லை, நண்பன் விரும்பியதையெல்லாம் பேசவும் வைத்தது. வியாச பாரதத்தில், திரௌபதியின் ஆடையைக் களையச் சொல்லித் துச்சாதனனை ஏவுகிறவனே கர்ணன்தான். இதை விழுங்கிவிட்டுக் கொடைவள்ளல் புகழ் மட்டும் பாடாதே. நீ உட்கார்ந்து கதை சொல்வது யார் சன்னிதியில் என்று நினைத்துப் பார்.

1964இல் வந்த ‘கர்ணன்’ படத்துச் சிவாஜி முகத்தோடுதான் ஜனங்கள் வந்து உட்காருவார்கள். கிழ வேதியனாக வந்த கண்ணனுக்குக் கர்ணன் புண்ணியத்தைத் தாரை வார்க்கும் கட்டத்தில் எப்படியும் அழுவார்கள். அதற்கு நீ பாடுபட வேண்டியதில்லை. உன் உழைப்பெல்லாம் உத்தியோக பருவத்தில் வேண்டும். தூது வந்த கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், குந்தியின் மூத்த மகன் நீ, அரசு உனக்கே என்கிறான். கர்ணன் மறுக்கிறான். மறுத்தவன், துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைச் சுடுசொல் சொன்னேனே என்று அப்போது தவிக்கவும் செய்கிறான். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததைவிட இது பெரிதாகப் படுகிறது. ஊர் மெச்சக் கொடுத்த கை, யாரும் கேளாமலே தன் குற்றத்தைச் சொல்லும் இடம் அல்லவா! அங்கே குரலை ஏற்றாதே. உடன் பாடுகிறவரையும் சற்றுப் பொறுக்கச் சொல். வசனமாகவே, நிதானமாகச் சொல்.

கும்பகர்ணனை இதற்குப் பிறகு கொண்டு வா. முன்னால் வந்தால், அவன் நேர்மைக்கு எதிரே கர்ணன் வெறும் குற்றவாளியாகச் சிறுத்துவிடுவான். பின்னால் வந்தால், கர்ணன் அன்று சபையில் எதைச் சொல்லியிருக்கலாம் என்று கேட்பவர்களுக்கே புரியும். அதை நீ விளக்காதே. நேரே பதினேழாம் நாள் போருக்குப் போய்விடு.

அன்புடன்,
உன் அண்ணன்