உணவு மேசையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொற்களைக் கற்க நம் பிள்ளைகள் பின்பற்றும் முறையை நாம் அறிவோம். நோட்டின் இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல், வலப்பக்கத்தில் அதற்கு நேராக ஒரு தமிழ்ச் சொல், பின்னர் மனப்பாடம். தேர்வுக்கு இஃது உதவலாம். ஆயினும் சொல்லின் எல்லை எதுவரை என்பதை இம்முறை காட்டுவதில்லை. மரத்தின் நிழலையும் மனிதனின் நிழலையும் நாம் நிழல் என்றே கூறுகிறோம். ஆங்கிலத்தில் வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் ஷேட். உருவத்தைக் காட்டும் நிழல் ஷேடோ. மாறாக, அரிசி, சோறு என நாம் பிரித்துக் கூறுவனவற்றை ரைஸ் என்னும் ஒரே சொல் தாங்கிநிற்கிறது. எனவே ஒரு சொல்லைக் கற்கையில் அதன் விளக்கத்தையும், அது பயின்றுவரும் வாக்கியம் ஒன்றையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

இம்முறை உணவு பற்றிய சொற்களை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நம் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். அங்கு முதன்முதலாக விருந்துக்கு அழைத்தவர்களிடம், "ஐ ஆம் எ வெஜிடேரியன்" என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தார். அவர்களும் அன்போடு ஆம்லெட் செய்து பரிமாறினர்! பிள்ளை ரொட்டியை மட்டும் உண்டு எழுந்தார். விருந்தளித்தோர் மனம் நொந்தனர். தவறு எவருடையது? இருவருமே அச்சொல்லைத் தத்தம் வழக்கப்படி சரியாகவே பயன்படுத்தினர்.

வெஜிடேரியன் என்பதற்கு ஆங்கில வழக்கில், விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றின் ஊனை உண்ணாதவர் என்பதே பொருள். முட்டையும் பாலும் அவர்களுக்கு விலக்கல்ல. 1847 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றிய வெஜிடேரியன் சொசைட்டி அச்சொல்லைப் பரப்பியது. பாலையும் முட்டையையும்கூட நீக்கியவர்களுக்கெனத் தனிச்சொல் தேவைப்பட்டபோது, 1944 இல் டொனால்டு வாட்சனும் அவர் நண்பர்களும் வீகன் என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். பால் உண்டு முட்டை விலக்கும் நமக்கு இவ்விரண்டுமே முழுதும் பொருந்தா. ஆதலின் பெயர் சொல்வதைவிட விளக்கிச் சொல்வதே நன்று: "ஐ டு நாட் ஈட் மீட், ஃபிஷ் ஆர் எக்ஸ்." மீனைத் தனியே கூறுவது ஏனெனில், மீட் என்னும் சொல்லில் மீனைச் சேர்க்காதவர் அந்நாடுகளில் பலர். நம் புலால் என்னும் சொல்லின் விரிவு அதற்கு இல்லை.

மீட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் உணவு என்றே பொருள் இருந்தது. ஊன் என்னும் குறுகிய பொருள் பின்னர் வந்தது. ஸ்வீட்மீட் என்று எங்கேனும் கண்டால் அஞ்ச வேண்டா. அது வெறும் இனிப்புப் பண்டமே.

அஞ்ச வேண்டிய சொல் வேறொன்று உண்டு. அது மிக எளிய சொல். கடையில் இருப்புச் சரக்கை நாம் ஸ்டாக் என்கிறோம். சமையலில் ஸ்டாக் என்பது எலும்பையோ, இறைச்சியையோ, காய்களையோ நெடுநேரம் கொதிக்கவைத்து வடித்த சாறு. காய்கறி சூப் என்று பெயரிட்டிருப்பினும் அது கோழிச் சாற்றில் செய்யப்பட்டிருக்கலாம். "இஸ் திஸ் சூப் மேட் வித் வெஜிடபிள் ஸ்டாக்?" என்று கேட்டறிக.

கன்டெய்ன் என்றால் தன்னுள் கொண்டிருத்தல். "டஸ் திஸ் கேக் கன்டெய்ன் எக்ஸ்?" எக்-ஃப்ரீ என்று எழுதியிருப்பின், கேக் வாங்கினால் முட்டை இலவசம் என்று கொள்ளற்க! சொல்லின் பின்னே ஒட்டிவரும் ஃப்ரீ, அப்பொருள் இல்லாமையைக் குறிக்கும். நம் நாட்டில் வழங்கும் எக்லெஸ் என்பதும் அதுவே.

லார்ட் என்பது பன்றிக் கொழுப்பு. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி முதலியவற்றின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. ஜெல்லி மிட்டாய்களிலும் மருந்துக் குளிகைகளின் உறையிலும் காணப்படும். ரென்னட் என்பது பாலைத் திரித்துச் சீஸ் செய்ய உதவும் பொருள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரால் செய்வதும் உண்டு. "இஸ் தி ரென்னட் ஃப்ரம் அன் அனிமல்?"

பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதே, இவையெல்லாம் எதற்கு என்று சிலர் வினவலாம். முட்டைக்கும் ஊனுக்கும் அப்புள்ளி போதிய காவலே. ஆயினும் நம் நாட்டு விதிப்படி தேன் அசைவத்தில் சேராது. தேனும் கள்ளும் புலாலும் நீக்கிய இல்லறத்தார், இன்கிரீடியன்ட்ஸ் என்னும் தலைப்பின்கீழ் ஹனி என்ற சொல் உள்ளதா என்பதைத் தாமே படித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. இன்கிரீடியன்ட் என்றால் ஓர் உணவில் சேர்ந்துள்ள பொருள்களுள் ஒன்று. "ஹனி இஸ் ஒன் ஆஃப் தி இன்கிரீடியன்ட்ஸ்."

பயிற்சி: வீட்டிலுள்ள பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள இன்கிரீடியன்ட் பட்டியலைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். பொருள் விளங்காத சொற்களுக்கு அகராதியில் விளக்கம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைத்து நோட்டில் எழுதுக. பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் கூறுக: இந்தச் சூப்பில் கோழிச் சாறு சேர்த்துள்ளீர்களா? முட்டை இல்லாத கேக் கிடைக்குமா? நாங்கள் பால் அருந்துவோம்; முட்டை உண்பதில்லை. சூரியன் மறையுமுன் உண்டுவிடுவோம்.