கம்பெனி கட்டுகிறது என்றால் யார் கட்டுகிறார்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘மருத்துவச் செலவை பிரிட்டனில் மக்கள் வரியாகக் கட்டுகிறார்கள், அமெரிக்காவில் முதலாளி ஏற்றுக்கொள்கிறார்’ என்று எழுதியிருக்கிறாய். முதலாளி தன் கைக்காசையா கொடுக்கிறார்?

2023 கணக்கைப் பார். அமெரிக்காவில் வேலைவழி வரும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் ஏறக்குறைய 24,000 டாலர். சம்பளத்தில் பிடித்தமாகத் தெரிவது சுமார் 6,600தான். மீதியை நிறுவனம் கட்டுகிறது. ஆனால் ஆள் எடுக்கும்போது நிறுவனம் பார்ப்பது ஓர் ஊழியருக்கு ஆகும் மொத்தச் செலவை. காப்பீட்டுக்குப் போனது சம்பளத்துக்கு வராது. வேலை போனவருக்கு இது உடனே புரியும். கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டை அவர் சில காலம் தொடரலாம். ஆனால் முழு பிரீமியத்தையும், அதற்குமேல் 2 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டியிருக்கும்.

இந்த முறையை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. 1942இல் போர்க்கால விலைவாசியை அடக்க அமெரிக்க அரசு ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் பற்றாக்குறையோ கடுமை. காப்பீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், நிறுவனங்கள் அதைக் காட்டி ஆள் சேர்த்தன. முதலாளியின் பங்குக்கு வருமான வரி கிடையாது என்பதை 1954 வரிச் சட்டம் உறுதிசெய்தது. நான் வகுப்பில் ஓயாமல் சொல்வது இதைத்தான்: விட்டுக்கொடுத்த வரியும் அரசின் செலவே. அதுவும் அதிகம் சம்பாதிப்பவருக்கே அதிகம் போகிறது. உன் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை!

மருத்துவப் பொருளாதார அறிஞர் ஊவே ரைன்ஹார்ட்டும் வேறு மூவரும் 2003இல் எழுதிய ஒரு கட்டுரையை அடிக்கடி எடுத்துப் படிப்பேன். அமெரிக்கர்கள் மற்ற வளர்ந்த நாட்டவரைவிட அதிகமாக மருத்துவரிடம் போவதில்லை, மருத்துவமனையில் அதிக நாள் படுப்பதுமில்லை. அங்கே உயர்ந்திருப்பது விலைதான் என்று காட்டியது அது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தனித்தனியே காப்பீடு வாங்கினால், விலையைக் குறைக்கச் சொல்லும் பலம் யாருக்கு வரும்? பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய 1948 ஜூலை 5 முதல் பெரும்பகுதிச் செலவு ஒரே அரசின் பையிலிருந்து போகிறது. அங்கே மொத்த மருத்துவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 11 விழுக்காடு. அமெரிக்காவில் 17க்கும் மேல். பிரிட்டனில் நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்திருக்கிறார்கள். அதுவும் செலவுதான், அதையும் எழுது.

கட்டுரையைத் திருத்தி அனுப்பு. வரி, விட்டுக்கொடுத்த வரி, முதலாளி பங்கு, ஊழியர் பிடித்தம், நோயாளி கையிலிருந்து கொடுத்தது என ஐந்தையும் இரண்டு நாட்டுக்கும், ஒன்றையே இருமுறை எண்ணாமல், கூட்டு. அதற்குப் பிறகு எது மலிவு என்று சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்