அடுத்த போகத்துக்கு உங்கள் தோட்டத்து விதை

உங்களுக்குக் கிடைத்த விதைப் பைக்கற்றுகள் ஒரு போகத்துக்கு மட்டும். அடுத்த போகத்து விதையை உங்கள் தோட்டத்திலேயே எடுக்கலாம். ஆனால் காய்கள் செடியில் நிற்கும்போதே அதைத் தீர்மானிக்க வேண்டும். கறிக்குப் பறிக்கும் கத்தரிக்காயில் உள்ள விதை முற்றாதது. அதை எவ்வளவு கவனமாகக் காயவைத்தாலும் சரியாக முளைக்காது.

நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் நான்கைந்து செடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு காயில் துணி கட்டி அடையாளமிடுங்கள். கையில் காசில்லாத நேரத்தில் விற்கக்கூடிய காயை விட்டுவைப்பது கஷ்டம்தான். ஆனால் ஒரு கத்தரிப் பழத்திலேயே நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். சில பழங்களே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். பைக்கற்றில் ‘கலப்பினம்’ என்றிருந்தால் அந்தச் செடியில் விதை எடுக்க வேண்டாம். அதன் விதையில் வரும் செடிகள் தாய்ச்செடியைப் போல இருக்கமாட்டா.

கத்தரியை மஞ்சளாகப் பழுக்கும்வரை செடியில் விடுங்கள். பறித்தவுடன் வெட்டாமல் ஒரு வாரமளவில் நிழலில் வையுங்கள். பழத்தினுள் விதை மேலும் முற்றும். பூசணிக்கு இது இன்னும் முக்கியம். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பதத்தில் காம்புடன் வெட்டி, ஒரு மாதம் வைத்துப் பிளவுங்கள். சதையைச் சமைக்கலாம், ஆகவே நட்டமில்லை. மிளகாயும் தக்காளியும் செடியிலேயே முழுதாகச் சிவக்கட்டும். தக்காளி விதையை அதன் சாற்றுடன் ஒரு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழுவழுப்பு நீங்கும். நாட்கணக்கில் விட்டால் பாத்திரத்திலேயே முளைக்கத் தொடங்கிவிடும். வெண்டியும் பயிற்றையும் செடியிலேயே காய வேண்டும். மழை வரும்போல் இருந்தால், காய்ந்தவற்றை உடனே பறித்து உள்ளே எடுங்கள்.

நல்ல விதையும் ஈரத்தாலும் சூட்டாலும் கெடும். பாயில் மெல்லியதாகப் பரப்பி, காலை வெயிலிலும் பின் நிழலிலும் சில நாட்கள் காயவையுங்கள். தகரத்திலும் சீமெந்துத் தரையிலும் மதிய வெயிலில் போடாதீர்கள். அந்தச் சூட்டில் விதையின் முளை செத்துவிடும். பூசணி விதையை வளைத்துப் பாருங்கள்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, முறிந்தால் காய்ந்துவிட்டது.

காய்ந்த விதையைக் கடதாசியில் சுற்றி, இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் இடுங்கள். அடியில் நன்கு காய்ந்த சாம்பல் அல்லது சிரட்டைக்கரித் துண்டு போட்டால் ஈரத்தை இழுக்கும். பயிரின் பெயரையும் எடுத்த திகதியையும் எழுதி ஒட்டுங்கள். தற்காலிக வீட்டில் தகரத்துக்கோ தறப்பாளுக்கோ கீழே தொங்கவிட வேண்டாம். பகலில் அங்குதான் சூடு அதிகம். தரையோரம், சுவர் நிழலில், எலி அண்டாதபடி வையுங்கள்.

நாற்றுமேடை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பு 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி, துணி காயாமல் பாருங்கள். பயிற்றை சில நாட்களில் முளைக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம்வரை பொறுங்கள். 16க்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். 10 மட்டும் முளைத்தால் ஏறக்குறைய இரு மடங்கு விதையுங்கள். அதிலும் குறைந்தால், மழைக்கு முன்பே விவசாயப் போதனாசிரியரிடம் வேறு விதை கேளுங்கள்.