பம்பு மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

ஸ்கிட் ஸ்டீயர் லோடருக்குக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் சிலர், தவணை முடியுமுன்னரே கூடுதல் தொகை கேட்டு எங்களிடம் வருவதுண்டு. ஹைட்ராலிக் பம்பைப் பெரியதாக மாற்றினால், சாலையின் மேற்பரப்பைச் சுரண்டும் கோல்ட் பிளேனர் போன்ற கருவிகளை மாட்டி நல்ல வாடகை ஈட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் தவறன்று. எனினும் கடன் தருமுன் நாங்கள் பார்க்கும் கணக்கை வாடிக்கையாளரும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

இவ்வகை லோடரில் பம்பு ஒன்றல்ல. இடப்பக்கச் சக்கரங்களுக்கும் வலப்பக்கச் சக்கரங்களுக்கும் தனித்தனிப் பம்புகள் உண்டு. கைகளையும் வாளியையும் முன்னால் மாட்டும் கருவியையும் இயக்குவது பெரும்பாலும் ஒரு கியர் பம்பு. பேச்செல்லாம் இதைப் பற்றியதே. பம்பு தருவது எண்ணெய் ஓட்டம் மட்டுமே; அழுத்தம் சுமையால் எழுகிறது, அதன் உச்சவரம்பை ரிலீஃப் வால்வு தீர்மானிக்கிறது. ஆகவே பெரிய பம்பு போட்டால் கருவி விரைவாகச் சுழலும். வாளி கூடுதல் எடையைத் தூக்காது. தூக்கும் வலு வேண்டி வால்வைத் திருகி அழுத்தத்தை உயர்த்துவோரும் உளர். ஹோஸும் சீல்களும் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. வண்டி முன்பக்கம் கவிழும் எடையும் மாறப் போவதில்லை.

இனி எஞ்சின். நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் ஓட்டம் என்பதை, எத்தனை பார் அழுத்தம் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால் தேவையான திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 80 லிட்டர், 210 பார் என்றால் 28 கிலோவாட். அதையே 120 லிட்டராக உயர்த்தினால் 42 கிலோவாட். பம்பின் உள்ளிழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். 50 குதிரைத்திறன் எஞ்சின் தருவதோ ஏறக்குறைய 37 கிலோவாட். அதிலேயே சக்கரங்களும் ஓட வேண்டும். முழுச் சுமையில் அந்த எஞ்சின் திணறி நின்றுவிடும். இந்த ஒரு வரிக் கணக்கிலேயே பாதி விண்ணப்பங்களுக்கு விடை கிடைத்துவிடும் என்பது எங்கள் கருத்து.

எஞ்சின் தாங்குமெனில் அடுத்தது சூடு. 1957இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், வான்கோழிக் கொட்டகைக்குள் திரும்பக் கூடியதாகக் கெல்லர் சகோதரர்கள் செய்த சிறு வண்டியே இவ்வியந்திரத்தின் முன்னோடி. குறுகிய உடல்தான் இதன் சிறப்பு. கூடுதல் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு இடம் தேடும்போது அதுவே இடைஞ்சல். எண்ணெயின் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சீல்கள் விரைவில் கெடும். நம் நாட்டுக் கோடையில் இது சிறிய செய்தியன்று. ஆகவே விலைப்புள்ளியில் பம்பு மட்டும் இருந்தால் போதாது. குளிர்விப்பான், பெரிய ஹோஸ், ஃபில்டர், கூலி அனைத்தும் இருக்க வேண்டும். கல்லுடைக்கும் பிரேக்கர் வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க: அதற்கென்று உச்ச ஓட்ட அளவு உண்டு, அதற்கு மேல் செலுத்தினால் பழுதாகும்.

பல நேரங்களில் பம்பு சிறியதாக இருப்பதில்லை, தேய்ந்திருக்கிறது. ஓட்டமானியைப் பொருத்தி, சுமையின்றியும் சுமையோடும் அளந்தால் தெரிந்துவிடும். சுமையின்கீழ் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் தேய்மானத்தை ஐயுறலாம். அப்போது அதே அளவுப் புதுப் பம்பே போதும். இந்தச் சோதனை அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைத்தால் எங்கள் வேலையும் எளிதாகும்.

வருமானத்தைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, மொத்தச் செலவு ரூ. 3,00,000 என்றும், கூடுதல் டீசல் போக மணிக்கு ரூ. 150 மிகுதி கிடைக்கிறது என்றும் கொள்வோம். முதல் திரும்ப 2,000 மணி நேரம் ஓட வேண்டும். அக்கருவிக்கு மாதம் 100 மணி வேலை என்றால் 20 மாதங்கள், வட்டி தனி. கையில் உள்ள வேலை ஒப்பந்தம் 6 மாதத்திற்கு மட்டும் என்றால், பெரிய லோடரை அந்த 6 மாதமும் வாடகைக்கு எடுப்பது மலிவாக இருக்கக் கூடும்.

கடன் நிலுவையில் இருக்கும்வரை இயந்திரம் வங்கியின் ஹைபாதிகேஷனில் உள்ளது. எனவே மாற்றத்திற்கு முன் எழுத்து மூலம் கிளையின் இசைவு பெறுக. உற்பத்தியாளரின் உத்தரவாதம் தொடருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்க. காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். கட்டுமான இயந்திரங்களுக்கான வழக்கமான பாலிசி விபத்துச் சேதத்திற்கானது. இயந்திரத்தின் உட்பழுதை அது ஏற்பதில்லை. பொருத்திய பம்பு மூன்றாம் மாதம் உடைந்தால், செலவு உரிமையாளருடையதே.

ரசீதில் பம்பின் வரிசை எண் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. தொகைக்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுப்பவர், அதே தொகைக்குத் தேய்மானமும் கோர இயலாது. ஒருவருக்கு ஒரு நாளில் ரூ. 10,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், அத்தொகை வருமான வரிக் கணக்கில் சொத்தின் விலையாகக் கொள்ளப்படாது. காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ செலுத்துக.