கழிவில் எழும் சுவர்

மண்சுவர் எழுப்புவோர், குழைத்த மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பர். மண் பாரத்தைத் தாங்கும். ஆயினும் காயும்போது வெடிக்கும். வைக்கோல் அவ்வெடிப்பை இழுத்துப் பிடிக்கும். தன்மையால் வேறுபட்ட பொருள்கள் இணைந்து, தனித்தனியே ஆற்ற இயலாத பணியை ஆற்றுமாயின் அவ்விணைப்பைக் கூட்டுப்பொருள் என்பர்.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், 2013ஆம் ஆண்டு, நான்கு குடியிருப்புகள் கொண்ட ஈரடுக்குக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுந்தது. அதன் சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல. கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் பலகைகளால் ஆனவை. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது ஜிப்சம் கழிவாக மலைபோல் குவிகிறது. அதனைத் தூய்மைப்படுத்திச் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீரின் பெரும்பகுதி நீங்கி மாவாகும். மீண்டும் நீர் சேர்த்தால் இறுகும். இறுகுமுன் கண்ணாடி இழைகளைப் பரப்பி வார்க்கின்றனர். வைக்கோலின் வேலையை இங்கே இழை செய்கிறது. ஒரு பலகை 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 124 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. அதனுள்ளே வரிசையாக வெற்றறைகள் உள்ளன. பாரம் மிகும் இடங்களில் அவற்றுள் கம்பி நிறுத்திக் கற்காரை நிரப்புவர். சூளைக்காக வயல்மண்ணை வெட்ட வேண்டுவதில்லை. ஆனால், குளியலறையிலும் மொட்டைமாடியிலும் நீர்க்காப்பில் சிறிதும் கவனக்குறைவு கூடாது. பாரம் தாங்கும் சுவராதலின், பின்னாளில் விரும்பிய இடத்தில் இடித்துக் கதவு வைக்கவும் இயலாது.

உர ஆலைக் கழிவு சுவராகுமெனில், இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் குவியும் தோல் சீவல் ஏன் ஆகாது? இராணிப்பேட்டை மாணவர் எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. தோலும் இழைகளாலானதே. சீவலை அரைத்துப் பசை சேர்த்து அழுத்திய தோல் அட்டை, காலணியின் உள்தளமாகப் பயன்படுகிறது. எனினும் காலணி வேறு, வீடு வேறு. பதனிடும்போது தோலில் ஏறிய குரோமியம், காற்றோட்டத்தில் எரியும்போது புற்றுநோய் விளைக்கும் ஆறிணைதிற வடிவமாக மாறக்கூடும். அவ்வடிவம் நீரிலும் எளிதில் கரையும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை எவ்வாறு கெடுத்தது என்பதை அவ்வூரார் அறிவர். ஆகவே தோல் சீவல் பலகையின் வலிமையை அளப்பதற்கு முன்பே, அதனை நீரில் ஊறவைத்து, அந்நீரில் எவ்வளவு குரோமியம் இறங்குகிறது என்று அளந்தறிதல் வேண்டும். எரித்தபின் எஞ்சும் சாம்பலையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும்.