தூசி பறக்காமல் பழைய வண்டியின் பெயிண்டை உரிப்பது எப்படி?

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, புல்லட் என்று எதை வாங்கிப் புதுப்பித்தாலும், பெரும்பாலோர் முதலில் இறங்குவது தகடு தெரியும்வரை பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் வேலையில்தான். அந்தப் பெயிண்டில் காரீயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் காரீய குரோமேட் நிறமிகள், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சுக்குச் சிவப்புக் காரீயம், எனாமல் சீக்கிரம் உலரக் காரீய உப்புகள் என்று மூன்று வழியில் அது உள்ளே போயிருக்கலாம். ‘இது பிற்காலத்தில் திரும்ப அடித்த பெயிண்ட்தானே’ என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. 2017 நவம்பரில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த 90 பிபிஎம் வரம்பு வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான்; வாகனப் பெயிண்ட் அதில் அடங்காது. அமெரிக்காவின் 1978 தடையும் வாகனப் பெயிண்டுக்கு விலக்குக் கொடுத்தது.

தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்ட் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதைப் பொடியாக்கும்போதும் புகையாக்கும்போதும்தான் காரீயம் உடம்புக்குள் போகிறது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும், இதில் எவ்வளவு தூசி கிளம்பும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். அப்படிக் கேட்டால், முழுவதையும் உரிக்கத்தான் வேண்டுமா என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம். உப்பாமல், வெடிக்காமல் கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பூச்சின் மேற்பரப்பை மட்டும் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம். துருப்பிடித்த இடம், பழைய பட்டி பெயர்ந்த இடம் ஆகியவற்றில் மட்டும் தகடு வரை போனால் போதும். தகடு வரை உரித்தால்தான் உருப்படியான வேலை என்ற எண்ணம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பூச்சைப் பொறுத்தவரை அது வீண் ஆபத்து.

அடுத்தது சோதனை. கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில், கூரான கத்தியால் ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு சாய்வெட்டு போடுங்கள். மேலே இப்போதைய நிறம், அதன் கீழே முந்தைய உரிமையாளர்கள் அடித்த நிறங்கள், சாம்பல் நிறப் பட்டி, கடைசியில் தகட்டை ஒட்டி ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு மெல்லிய கோடு என்று அடுக்குகள் வரிசையாகத் தெரியும். அந்தக் கடைசிக் கோடு வெறும் ரெட் ஆக்சைடாகவும் இருக்கலாம், சிவப்புக் காரீயமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காரீயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சி, சிவப்புப் பெயிண்டின் சாயம் ஒட்டியும் சிவக்கும். காரீய குரோமேட்டைத் தவறவிடவும் கூடும். எல்லா அடுக்குகளையும் சுரண்டி எடுத்த துகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே நம்பகமானது. அதற்கு வழியில்லாவிட்டால், காரீயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

‘ஒரே ஒரு வண்டிதானே, அதற்குப் போய் இவ்வளவு ஏற்பாடா?’ என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தொழிலிடச் சட்டப்படி, எட்டு மணி நேர வேலையில் காற்றில் இருக்கத் தக்க காரீயம் கனமீட்டருக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராம். ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள கொட்டகையில் இருப்பது 72 கனமீட்டர் காற்று. அந்தக் காற்று முழுவதும் வரம்பைத் தொட 3.6 மில்லிகிராம் காரீயம் மிதந்தால் போதும். சிவப்புக் காரீயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு காரீயமே என்பதால், சுமார் நான்கு மில்லிகிராம் பொடி போதும். அது ஒரு சிட்டிகைக்கும் எவ்வளவோ குறைவு. கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி ஒரு கதவைத் தேய்த்தால் கிளம்புகிற தூசியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். திறந்தவெளியில் செய்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். தூசி அக்கம்பக்கத்து மண்ணில் படியும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் உடல், விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும்.

ஆகவே கிரைண்டர், உலர்ந்த எமரி பேப்பர், முற்றத்தில் மணல் வீச்சு மூன்றும் வேண்டாம். புளோ லாம்பும் வேண்டாம், ஏனென்றால் அந்தச் சூட்டில் காரீயம் புகையாகும். பூசும் ரிமூவர்தான் உகந்தது. கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, ரிமூவரைக் கனமாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஊறவிடுங்கள். பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் மொட்டையான சுரண்டியால் வழித்து விரிப்பில் சேர்க்கலாம். மிச்சத்தை வாட்டர் பேப்பரால், ஈரம் காயாமல், கையால் தேயுங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியிலும் வண்டிக்குள்ளும் தேங்கி ஆளையே கொல்லக்கூடியது. பழைய ஆங்கிலேய வண்டிகளின் மூட்டுகளில் பட்டிக்குப் பதிலாகக் காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று நிரப்பியிருப்பார்கள். பளபளக்கும் அந்த மெத்தென்ற உலோகத்தில் கிரைண்டர் படவே கூடாது. அரத்தால் ராவினால் கனமான சீவல்களாகக் கீழே விழும், மிதக்காது.

மூக்கில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. பி100 வடிகட்டி பொருத்திய, முகத்தோடு படியும் ரப்பர் முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அது சரியாகப் படியாது. அந்த வடிகட்டி தூசிக்குத்தான், ரிமூவரின் ஆவிக்கு அல்ல; அதனால் காற்றோட்டமும் கண்டிப்பாக வேண்டும். டீ, வடை, பீடி எதுவானாலும் வேலையிடத்துக்கு வெளியே, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான். துடைப்பத்தால் பெருக்குவதும், கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுவதும் படிந்த தூசியைத் திரும்பக் கிளப்பும். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்துங்கள். வேலை உடுப்பை அங்கேயே மாற்றி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். வழித்தெடுத்த சேறு காய்ந்தால் மறுபடியும் தூசிதான். அதைச் சாக்கடையில் விடாமல் மூடியுள்ள டப்பாவில் அடைத்துப் பெயர் எழுதி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்; கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது.

‘நாற்பது வருஷமாக இதே வேலை பார்க்கிற மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது இரத்தத்தைப் பார்க்காமல் சொல்வது. ஓயாத அசதி, மலச்சிக்கல், வயிற்று வலி, எரிச்சல், ஏறிய இரத்த அழுத்தம் எல்லாம் வயதின் கணக்கில் போய்விடும். காரீயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். வேலை தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த சில நாட்களுக்குள் ஒருமுறை இரத்தக் காரீயச் சோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்டாவிட்டாலும், இரண்டாவது எண் முதலாவதைவிட ஏறியிருந்தால், முகமூடியிலா உடுப்பிலா சாப்பாட்டுக் கையிலா, எங்கே தவறியது என்று தெரியும்வரை அடுத்த வண்டியில் கை வைக்க வேண்டாம்.