அண்ணன் பாடிய மேடை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கமும் ஒரே பாடகரைப் பற்றி. மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து எரியோட்டுக்குத் திரும்பும்போது அயர்லாந்துக்காரர் லூகா ப்ளூமின் பாட்டைக் கேட்டுக்கொண்டே வருவதாக எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில் ஒரு கேள்வி வைத்திருந்தீர்கள்: தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடுகிற ஆள் நம் பக்கத்தில் ஒருவர்கூட இல்லையா? உங்களுக்கு மட்டும் பதில் எழுதி முடித்திருக்கலாம். உங்கள் வயதுப் பிள்ளைகள் பலரிடமிருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாடகரிடமிருந்தே தொடங்குவோம். லூகா ப்ளூமின் பிறந்த பெயர் பேரி மூர். 1955-ல் கில்டேர் கவுண்டியில் நியூபிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். 1987-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெயரை மாற்றிக்கொண்டார். சூசன் வேகாவின் ஒரு பாட்டிலிருந்து லூகாவையும், ஜேம்ஸ் ஜாய்ஸ் நாவலின் நாயகனிடமிருந்து ப்ளூமையும் எடுத்துக்கொண்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கடந்துபோன ஒரு செய்தியை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன். அவர் முதன்முதலாக ஊர் ஊராகப் பாடப் போனது 1969-ல், பதினான்கு வயதில், தன் மூத்த அண்ணன் கிறிஸ்டி மூரின் பின்னால்.

பதினான்கு வயதுத் தம்பி, முன்னால் பாட்டுக்கார அண்ணன். இந்தக் காட்சி நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. லூகா ப்ளூம் அண்ணனோடு கிளம்பியதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நடந்திருக்கிறது. தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையில் இருக்கிற பண்ணைப்புரத்தில் ராசய்யா என்ற பையன் பதினான்கு வயதில் தன் அண்ணனின் பாட்டுக் குழுவில் சேர்ந்தான். அந்தப் பையனை உலகம் இளையராஜா என்று அறியும். நீங்கள் தேடுகிற ஆள் அந்த அண்ணன். பாவலர் வரதராசன்.

பண்ணைப்புரம் எங்கோ இருக்கிறது, எரியோட்டுக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். அன்று இரண்டும் ஒரே மதுரை மாவட்டம். 1985-ல்தான் திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது. தேனி பிரிய அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. பாவலர் பாடிய காலத்தில் கூடலூர் மலையடிவாரத்திலிருந்து நம் குடகனாற்றுக் கரை வரை எல்லோருக்கும் கலெக்டர் ஆபீஸ் ஒன்றுதான்.

பெயரைச் சொன்னதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறொருவரை நினைக்கக்கூடும். அதையும் தெளிவாக்கிவிடுகிறேன். 1967-ல் நம் வேடசந்தூர்த் தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் தலைவர் என். வரதராஜன் வேறு. அவர் பிறகு 1977-லும் 1980-லும் திண்டுக்கல்லில் வென்றவர், கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தவர். பண்ணைப்புரத்து வரதராசன் ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்காகப் பாடியவர். இருவரும் செங்கொடிக்காரர்கள் என்பதால் நம் பக்கத்துப் பேச்சில் ஒருவர் கதை மற்றவர் மேல் ஏறிவிடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

பாவலர் என்ன செய்தார்? கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுக்கூட்டத்தில் தலைவர் வந்து சேர இரவு பத்தாகும், பதினொன்றாகும். வேலை முடித்து, கஞ்சி குடித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிற சனத்தை அதுவரை கலையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு ஹார்மோனியம், தாளத்துக்கு ஒரு தோல்கருவி, ஒரு மைக் செட். இவ்வளவுதான் படை. அவர் சொந்தமாக வரி கட்டுவார். மெட்டுக்குத் தெம்மாங்கு, கும்மி என்று நாட்டுப்புறத்துக்குப் போவார், அல்லது அன்று ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார்.

சினிமா மெட்டை எடுத்ததை வைத்து அவரைக் குறைத்து எண்ணாதீர்கள். கூட்டத்துப் பாட்டின் சூத்திரம் அதில்தான் இருக்கிறது. மெட்டு புதிதாக இருந்தால் கேட்கிறவன் காது மெட்டைப் பிடிக்கவே பாதிப் பாட்டு போய்விடும். தெரிந்த மெட்டாக இருந்தால் முதல் அடியிலேயே அவன் கவனம் முழுவதும் சொல்லுக்கு வந்துவிடும். இரண்டாவது முறை பல்லவி வரும்போது கூடவே பாடிவிடுவான். மறுநாள் களை எடுக்கிற வயலில் அந்தப் பாட்டு தானாகவே ஓடும். நோட்டீஸ் அச்சடிக்கக் காசில்லாத கட்சிக்கு இதைவிடப் பெரிய அச்சுக்கூடம் கிடையாது.

அந்தப் பாட்டின் பலம் தெரிந்த இடம் தேவிகுளம். 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60. சுயேச்சைகள் ஆதரவோடு நூலிழையில் நின்ற அரசு அது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ்தான் அந்தச் சட்டமன்றத்தில் முதலில் உறுதிமொழி எடுத்தவர். எதிர் வேட்பாளரின் மனுவைத் தள்ளியது தவறு என்று அந்தத் தேர்தல் செல்லாமல் போனது. 1958-ல் இடைத்தேர்தல். நூலிழை அரசுக்கு ஓர் இடமும் உயிர் மாதிரி.

தேவிகுளம் என்றால் தேயிலைத் தோட்டம். தோட்டம் என்றால் தமிழ்த் தொழிலாளிகள். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து மலையேறிப் போன குடும்பங்கள். அவர்களிடம் போய் நிற்க, அவர்கள் பேச்சிலேயே பாடுகிற ஆள் வேண்டும். அடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் போனார். காங்கிரசின் அன்றைய சின்னம் இரட்டைக் காளை. அந்தக் காளைகளை வைத்தே அவர் கட்டிய கேலிப் பாட்டு தோட்டம் தோட்டமாகப் பரவியது. ரோசம்மா மறுபடியும் வென்றார். வெற்றியில் பாவலருக்கு உள்ள பங்கை ஈ.எம்.எஸ். மேடையிலேயே பாராட்டினார் என்பதைத் தோழர்களும் குடும்பத்தாரும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு மாநில அரசின் ஆயுளைப் பற்றிய தேர்தலில் பண்ணைப்புரத்து ஹார்மோனியம் ஒரு கை கொடுத்தது என்பது சின்ன விஷயம் இல்லை, தம்பி.

குழுவுக்குப் பெயர் பாவலர் பிரதர்ஸ். அண்ணன் பின்னால் தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் என்ற கங்கை அமரன். ஏறக்குறைய பத்தாண்டுகள் தென்னாடு முழுக்க அலைந்தார்கள். இசைக் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கு அந்தப் பத்தாண்டுதான் கல்லூரி. எந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், எந்த இடத்தில் கண் கலங்கும், எந்த அடியில் கைதட்டல் எழும் என்பதை முன்வரிசைச் சனத்தின் முகத்தைப் பார்த்தே படித்தார்கள். 1964-ல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராசய்யா மெட்டமைத்தார். அவருடைய முதல் மெட்டு என்று சொல்லப்படுகிற அது இந்தக் குழுவில் இருந்த காலத்தில் பிறந்தது. 1968-ல் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள்.

பாவலர் 1973-ல் காலமானார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். தமிழ்நாடே தம்பியின் பாட்டைப் பாடிய நாளை அண்ணன் பார்க்கவில்லை. பிறகு தம்பிகள் படம் எடுத்தபோது கம்பெனிக்கு அண்ணன் பெயரையே வைத்தார்கள். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் தொடக்கத்தில் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பார்த்திருப்பீர்கள். லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைத் திரையில் படித்தார்கள். அந்தப் பெயருக்குரியவர் பாடிய பாட்டில் நான்கு அடி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுதான் என் மனத்தை அறுக்கிறது. உங்கள் பாடகரின் அண்ணன் கிறிஸ்டி மூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1945-ல் பிறந்தவர். வங்கியில் குமாஸ்தா. 1966-ல் அயர்லாந்து வங்கி ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது இங்கிலாந்துக்குப் போனவர் பாட்டுக்காரராக மாறிவிட்டார். 1981-ல் டப்ளின் ஸ்டார்டஸ்ட் நடன அரங்கில் தீப்பிடித்து 48 இளைஞர்கள் இறந்தார்கள். 1985-ல் அவர் அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதிப் பாடினார். நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பாகி அந்தப் பாட்டை இசைத்தட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 2024-ல், நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, அவை சட்டவிரோதக் கொலைகள் என்று விசாரணை ஜூரி சொன்னது. அதுவரை அந்தப் பாட்டு சாட்சியாக உயிரோடு இருந்தது. தடை போட்ட பிறகும் அது அழியாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். யாரோ அதைப் பதிவு செய்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் செங்கொடிக் கவிஞர்தான். 29 வயதில் போய்விட்டார். ஆனால் அவர் பாட்டைச் சினிமா காப்பாற்றி வைத்தது. பாவலர் பாடியதோ பொட்டலிலும் சந்தைத் திடலிலும். தேர்தல் முடிந்ததும் பந்தலைப் பிரித்தார்கள், மைக் செட்டைக் கழற்றினார்கள், பாட்டு கேட்டவர்கள் நெஞ்சோடு நடந்து போய்விட்டது. நாளைய ஓட்டுக்காகக் கட்டிய பாட்டை நாளை மறுநாளுக்கு யாரும் எடுத்து வைக்கவில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோலில் முடி எடுக்கும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பார். காளை, கொம்பு, ஓட்டு என்று சொற்கள் வரும். சின்னப் பையனாக இருந்த நான் சிரிப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போவார். பிறகு நான் படித்தேன், பத்திரிகையில் எழுதினேன், எத்தனையோ பேரிடம் பேட்டி எடுத்தேன். பெரியப்பாவிடம் மட்டும் பேனாவோடு போய் உட்காரவில்லை. அவர் போய் இருபது ஆண்டாகிறது. அது பாவலர் பாட்டுதானா என்று கேட்க இன்று எனக்கு ஆள் இல்லை. மூன்று சொல் இருக்கிறது, பாட்டு இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் கையில் போன் இருக்கிறது, காது இருக்கிறது, பாட்டு மேல் ஆசை இருக்கிறது. 1958-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எரியோடு, வேடசந்தூர், வடமதுரை, அய்யலூர் பக்கம் பழைய செங்கொடிக்காரர்கள், தோல் ஷாப்பில் இருந்தவர்கள், நடவுக்குப் போன பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒருவர் திண்ணையில் உட்காருங்கள். "அந்தக் காலத்து எலெக்‌ஷன் பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கா தாத்தா?" என்று கேளுங்கள். பாவலர் பாட்டு கிடைத்தாலும் சரி, பெயர் தெரியாத வேறொருவர் பாட்டு கிடைத்தாலும் சரி. அவர் பாடுகிறபடியே பதிவு செய்யுங்கள். சொல் தப்பென்று திருத்தாதீர்கள். எந்த மெட்டு, எந்தக் கூட்டம், யார் பாடிக் கேட்டது, என்றைக்குப் பதிவு செய்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

லூகா ப்ளூமையும் கேளுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. உங்கள் சொந்தப் பாட்டையும் எழுதுங்கள். அதற்கு முன் நம் திண்ணையில் இருக்கிற பாட்டை ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் பதிவு கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். நான் பஸ் ஏறி வந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்